அரை மாகாணி நிலமும் அந்த ஊர்ப் பட்டமும்

கேள்வி: "என் மகள் லண்டனில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். நாலு வருடம் காத்திருந்து, போன மாதம்தான் 'அலாட்மெண்ட்' என்று கவுன்சிலில் ஒரு துண்டு நிலம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று சென்ட் இருக்கும். இடுப்பளவு புல் மண்டிக் கிடக்கிறது. குளிர் தொடங்கிவிட்டது, இனி என்ன விதைப்பது, பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்கிறாள். 'ஒரு உழவு ஓட்டிப் போடு, சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லியிருக்கிறேன். சரிதானா? இங்கிருந்து விதை கொடுத்து அனுப்பலாமா?" (மன்னார்குடி பகுதி வாசகர் ஒருவர்)

கிழக்கு லண்டனில் இதேபோன்ற ஒரு துண்டில் ஒன்பது ஆண்டுகளாக நான் பயிர் செய்துவருவதால், கடிதத்தை ஆசிரியர் குழு என்னிடம் அனுப்பிவிட்டது. அரைப் பக்கத்தில் முடிகிற பதில் இல்லை. பிள்ளைகள் அங்கே இருக்கிற வேறு சில வாசகர்களுக்கும் உதவும் என்பதால் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

ஐயா, முதலில் இரண்டு விஷயம். நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். உழவும் ஓட்ட வேண்டாம்.

அது என்ன நிலம்?

அலாட்மெண்ட் என்பது சொந்த நிலமும் இல்லை, பூங்காவும் இல்லை. வீட்டுக்குக் கொல்லை இல்லாதவர்கள் காய்கறி போட்டுக்கொள்ள உள்ளாட்சி அமைப்பு ஆண்டு வாடகைக்கு விடும் பாத்தி. 1908-ம் ஆண்டுச் சட்டப்படி, கேட்பவர்கள் இருந்தால் நிலம் ஒதுக்கித்தர வேண்டியது கவுன்சிலின் கடமை. அங்கே நிலத்தை இன்னும் 'ராடு' என்ற பழைய அளவில்தான் பேசுவார்கள். முழு மனை பத்து ராடு. அது ஓர் ஏக்கரில் சரியாகப் பதினாறில் ஒரு பங்கு. நம் பழைய கணக்கில் மாகாணி, அதாவது ஆறேகால் சென்ட். காத்திருப்போர் பட்டியல் நீளமாகிவிட்டதால் புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் அதில் பாதிதான் கிடைக்கிறது. உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது அந்த அரை மாகாணி.

விளைவதை வீட்டுக்குச் சாப்பிடத்தான் முக்கியமாகப் பயன்படுத்த வேண்டும், வியாபாரத்துக்கு இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவுக் கப்பல்கள் தடைபட்டபோது, இப்படிப்பட்ட துண்டுகள் 14 லட்சம் அளவுக்குப் பெருகின. போர் முடிந்ததும் பல இடங்களில் கட்டடம் வந்துவிட்டது. அதனால்தான் இன்று ஒரு துண்டுக்கு நாலு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

காத்திருந்து வாங்கியதைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கெடு இருக்கிறது, அதுதான் இப்போது முக்கியம். கவுன்சிலுக்கே அந்த நிலம் வேண்டும் என்றால், குத்தகைதாரருக்குப் பொதுவாக ஓர் ஆண்டுக்கு முன்பே அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். ஆனால் விதி மீறினால் கதை வேறு. குத்தகை தொடங்கி மூன்று மாதம் கழிந்த பிறகும் விதிப்படி நடக்கவில்லை என்று கண்டால், ஒரு மாத அறிவிப்பில் காலி செய்யச் சொல்ல அந்த 1908 சட்டமே இடம் தருகிறது. முதல் சில மாதங்களில் எவ்வளவு பங்கு பயிருக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். மகளிடம் உள்ள ஒப்பந்தத் தாளில் அது எழுதியிருக்கும். முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். செப்டம்பரில் கையெழுத்துப் போட்டிருந்தால் டிசம்பரில் மூன்று மாதம் முடிகிறது. நீங்கள் சொன்னபடி சித்திரை வரை விட்டால், அதற்குள் பட்டியலில் அடுத்து நிற்பவருக்கு நிலம் போய்விடக்கூடும்.

பட்டத்தை வெளிச்சம்தான் முடிவு செய்கிறது

நமக்குப் பட்டம் என்றால் மழை. ஆடிப்பட்டம், தைப்பட்டம் எல்லாம் மழையையும் ஆற்றுத் தண்ணீரையும் ஒட்டி வந்தவை. லண்டனில் ஆண்டு மழையே சுமார் 600 மில்லிமீட்டர்தான். அதுவும் பன்னிரண்டு மாதமும் தூறித் தூறிப் பெய்யும். அங்கே பட்டத்தை முடிவு செய்வது பகல் நீளமும் உறைபனியும்.

மன்னார்குடியில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம்; டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. நவம்பர் பிறந்ததும் பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே இறங்கிவிடும். பிப்ரவரி நடுவில்தான் மீண்டும் அதைத் தொடும். இடைப்பட்ட மூன்றரை மாதம், மண்ணில் நிற்கும் பயிர் பெரும்பாலும் வளராது, சாகாது. நின்றது நின்றபடி நிற்கும். அதனால் குளிர்காலத்தில் பறிக்க வேண்டிய கோஸ், லீக்ஸ் எல்லாம் ஆடியிலேயே நடப்பட்டிருக்க வேண்டும். அது இந்த ஆண்டு முடியாது. பக்கத்துத் துண்டில் இருப்பதைப் பார்த்து மகள் ஏங்க வேண்டியதில்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன்பிறகு மாலை நாலரைக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்து தோட்டத்தில் இறங்குவது என்ற பேச்சே கிடையாது; வார விடுமுறை மட்டும்தான். மருத்துவமனை ஷிப்ட் என்றால் அதிலும் பாதி போய்விடும். ஆக டிசம்பருக்குள் அவர் கையில் இருப்பது ஆறு அல்லது ஏழு நாள் வேலை என்று வைத்துத் திட்டம் போடுவோம்.

ஏன் உழக்கூடாது?

இரண்டு காரணம். ஒன்று, களை. கைவிடப்பட்ட அலாட்மெண்டில் இடுப்பளவு நிற்பது பெரும்பாலும் கவுச் புல்லாக இருக்கும். கூடவே பைண்ட்வீடு என்ற கொடி. இரண்டும் மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடும் தண்டையும் வேரையும் வைத்துப் பிழைப்பவை. நம் வயலில் கோரைக் கிழங்கை ரோட்டவேட்டர் விட்டு அறுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் அதேதான். வாடகைக்கு ஒரு சின்ன ரோட்டவேட்டர் எடுத்து ஓட்டினால் அன்று மாலை நிலம் அழகாக இருக்கும். வசந்தத்தில் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாக எழுந்து நிற்கும். புதிதாக வந்து இரண்டாம் ஆண்டே விட்டுவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேரை விரட்டியது இந்தப் புல்தான் என்பது என் கணிப்பு.

இரண்டாவது, மண். லண்டனில் பல இடங்களில் கனத்த களிமண். டெல்டாக்காரர்களுக்குச் சேற்றில் இறங்கிப் பழக்கம். நெல்லுக்கு அது வேண்டும். காய்கறிக்கு அந்த ஈரக் களியை மிதித்தால் இறுகி, அடுத்த கோடையில் செங்கல்லாகிவிடும். ஈரமாக இருக்கும் நாளில் பாத்திக்குள் கால் வைக்காமல், ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று வேலை செய்ய வேண்டும்.

ஆகவே நிலத்தை மூன்றாகப் பிரிப்போம். முதலில் முழுவதையும் புல்வெட்டியாலோ அரிவாளாலோ தரையோடு வெட்டிவிட வேண்டும். வெட்டிய பச்சையை ஒரு மூலையில் மக்குக் குழிக்குப் போடலாம், வேரைப் போடக்கூடாது.

கால் பங்கு, சுமார் முக்கால் சென்ட், அதை மட்டும் இந்த ஆண்டே பயிருக்குத் தயார் செய்யுங்கள். மண்வெட்டி வேண்டாம், வேரை அறுத்துவிடும். ஃபோர்க் என்ற நாலு பல் கருவியைக் குத்தி நெம்பி, மண்ணை உதிர்த்து, வெள்ளை வேரைக் கையால் முழுசாக உருவி எடுக்க வேண்டும். மெதுவான வேலை, ஆறு நாளில் மூன்று நாள் இதற்கே போகும். போகட்டும்.

பாதிப் பங்கைக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல் வைத்து மூடிவிடுங்கள். வெளிச்சம் இல்லாமல் புல் தானாகச் சோர்ந்துபோகும். ஒரு குளிர்காலம் போதாது, அடுத்த கோடையும் மூடியே கிடக்க வேண்டும். அதில் நஷ்டம் இல்லை. ஜூனில் பாயில் நாலைந்து இடத்தில் துளையிட்டுப் பரங்கி நட்டால் கொடி பாய்மேல் படர்ந்து காய்க்கும். பழைய தரைவிரிப்பு இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது தருவார்கள், வாங்கக்கூடாது. பெரும்பாலான தோட்டங்களில் அதற்குத் தடை. மக்கும்போது நைலான் நூல் மண்ணில் சிக்கிக்கொள்ளும்.

மீதிக் கால் பங்கில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒட்டுத்தாளை உரித்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, மேலே நாலு விரற்கடைக்குக் குறையாமல் மக்கிய உரத்தைக் கொட்ட வேண்டும். நாம் மூடாக்கு என்கிறோமே, அதன் உறவுமுறைதான். அங்கே இதை 'நோ டிக்' என்கிறார்கள், கொத்தாத வேளாண்மை. சாமர்செட் மாவட்டத்தில் சார்லஸ் டவுடிங் என்ற காய்கறி விவசாயி, பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் ஒன்றைக் கொத்தியும் ஒன்றைக் கொத்தாமலும் பயிர் செய்து, விளைச்சலை ஆண்டுதோறும் எடைபோட்டு வருகிறார். மொத்தக் கணக்கில் கொத்தாத பாத்தி சற்றுக் கூடுதலாகவே கொடுத்திருக்கிறது. ஆனால் உரம் நிறைய வேண்டும். அரை மாகாணி முழுக்க இப்படிச் செய்ய ஒரு செவிலியர் சம்பளத்தில் உரம் வாங்க முடியாது. அதனால்தான் கால் பங்கோடு நிறுத்துகிறேன்.

குதிரைச் சாணம்: வாங்கும் முன் ஒரு சோதனை

அங்கே மாட்டுச் சாணத்தைவிடக் குதிரைச் சாணம் சுலபமாகக் கிடைக்கும். லாயக்காரர்கள் இலவசமாகவே கொண்டுவந்து கொட்டுவார்கள். 'சும்மா கிடைக்கிற தொழுவுரத்தை விடாதே' என்று நாம் எல்லோருமே சொல்வோம். இங்கே கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி அடிப்பார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் புல்லை, வைக்கோலைத் தின்னும் குதிரைக்கும் ஒன்றும் ஆகாது. மருந்து அப்படியே சாணத்தில் வெளியே வந்து, உரக்குவியலில் மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். அந்த உரத்தைப் போட்ட பாத்தியில் தக்காளி, உருளை, பீன்ஸ் எல்லாம் இலை சுருண்டு, முறுக்கிக்கொண்டு நாசமாகும். 2008-ல் இங்கிலாந்து முழுவதும் ஏராளமான அலாட்மெண்டுகளில் இது நடந்து, அந்த மருந்தின் விற்பனையையே சில காலம் நிறுத்திவைத்தார்கள். பிறகு கட்டுப்பாடுகளோடு திரும்ப வந்துவிட்டது.

சோதனை எளிது. சாணத்தையும் கடையில் வாங்கிய நாற்று மண்ணையும் சரிபாதி கலந்து மூன்று தொட்டி, வெறும் நாற்று மண்ணில் மூன்று தொட்டி. எல்லாவற்றிலும் பிராட் பீன்ஸ் விதை ஊன்றி, வீட்டு ஜன்னல் ஓரத்தில் நாலு வாரம் வைக்க வேண்டும். சாணத் தொட்டியில் மட்டும் குருத்து இலை கிண்ணம்போலக் குவிந்து முறுக்கினால், அந்த உரம் வேண்டாம். லாயக்காரரிடம் 'புல்லுக்கு என்ன மருந்து அடித்தது?' என்று கேட்கவும் வேண்டும். பல நேரம் வைக்கோலை வேறு எங்கோ வாங்கியிருப்பார், அவருக்கே தெரியாது. சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

சந்தேகமே இல்லாத உரம் ஒன்று இப்போது தெருவெல்லாம் உதிர்ந்துகொண்டிருக்கிறது. இலைச்சருகு. நாலு குச்சி நட்டுக் கோழிவலை சுற்றி, அதில் நனைந்த சருகை மிதித்து நிரப்பினால், ஒன்றிரண்டு ஆண்டில் கறுத்த இலைமக்கு கிடைக்கும். சத்து குறைவுதான்; ஆனால் களிமண்ணைப் பொலபொலப்பாக்க அதுபோல் வேறில்லை. வண்டி ஓடும் பெரிய சாலை ஓரத்துச் சருகைத் தவிர்க்கலாம்.

இப்போது நடவேண்டிய இரண்டு

'இனி என்ன விதைப்பது' என்ற மகளின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பயிருக்கு இதுதான் பட்டம்.

ஒன்று பூண்டு. நம் ஊரில் பூண்டு ஏன் கொடைக்கானல் மலையில் விளைகிறது, மன்னார்குடியில் விளைவதில்லை? அதற்குக் குளிர் வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே ஒன்று இரண்டு மாதம் கிடந்தால்தான் உள்ளே பல் பல்லாகப் பிரியும். இல்லையென்றால் ஒரே உருண்டையாக நின்றுவிடும். லண்டன் குளிர்காலம் அதற்கென்றே செய்தது. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசிக்குள் நடலாம். கூர்முனை மேலே பார்க்க, மேல்மண் ஓர் அங்குலம் மூடும்படி, பல்லுக்குப் பல் 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 30 செ.மீ. நாலடி அகலப் பாத்தியில் நாலு வரிசை, வரிசைக்கு முப்பது என்றால் 120 பல்; பத்துப் பன்னிரண்டு பூண்டு வாங்கினால் போதும். ஜூன் கடைசியில் அல்லது ஜூலையில் அறுவடை.

சூப்பர் மார்க்கெட் பூண்டை நட வேண்டாம். எந்த நாட்டுப் பகல் நீளத்துக்குப் பழகிய ரகம் என்று தெரியாது, நோயையும் கொண்டுவரலாம். விதைப்பூண்டாகவே வாங்க வேண்டும். நடுவதற்கு முன், நிலத்தில் வெள்ளை அழுகல் இருந்ததா என்று பக்கத்துத் துண்டுக்காரரிடம் கேட்பது அவசியம். வெங்காயம், பூண்டு இரண்டையும் அடியிலிருந்து வெண்பூஞ்சாணமாக அழுகவைக்கும் இந்த நோய், வந்த மண்ணில் பதினைந்து ஆண்டுக்கு மேலும் தங்கும். இருந்தது என்றால் பூண்டை மறந்துவிட்டு இரண்டாவது பயிரையே முழுக்கப் போடலாம்.

அந்த இரண்டாவது, பிராட் பீன்ஸ். நம் பக்கம் அதிகம் புழங்காத பயறு. உரித்தால் மொச்சையை ஒத்திருக்கும், குழம்புக்கு அருமை. 'அக்வாடுல்ஸ் கிளாடியா' என்ற பழைய ரகம் குளிர் தாங்கும். நவம்பர் முதல் பாதியில் இரண்டு அங்குல ஆழத்தில், 20 செ.மீ. இடைவெளியில் ஊன்றினால், நாலு இலை விட்டு உறைபனியில் அப்படியே நிற்கும். மார்ச்சில் கிளம்பி, மே கடைசியில் காய். வசந்தத்தில் விதைத்த செடியைக் கறுப்பு அசுவினி மொய்த்துவிடும். குளிருக்கு முன் ஊன்றியது அதற்குள் முற்றிவிடுவதால் ஓரளவு தப்பிக்கும். எலி தோண்டித் தின்னும் என்பதால் பத்து விதை கூடுதலாக வைத்துக்கொள்ளட்டும். அறுத்த பிறகு வேரை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும், பயறு குடும்பம் அல்லவா.

இந்த இரண்டும் முளைத்து வரிசையாக நிற்க, மீதி நிலம் வெட்டி மூடிக் கிடந்தால், டிசம்பரில் யார் வந்து பார்த்தாலும் பயிர் வைத்த நிலம் என்று தெரியும். வெட்டுவதற்கு முன்பும் மூடிய பிறகும் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஷிப்ட் காரணமாகத் தாமதமானால் தோட்டச் செயலாளருக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. கடிதம் வந்த பிறகு விளக்கம் சொல்வதைவிட அது பலிக்கும்.

கோஸ் நட இருக்கும் இடத்துக்குச் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள், வேர்வீக்க நோய்க்காக. மண்ணைச் சோதித்துவிட்டுத்தான் போட வேண்டும். சாணத்தோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப்போகும். முதல் ஆண்டு கோஸே வேண்டாம் என்பது என் கட்சி. காட்டுப்புறாக்கள் வலைக்குள்ளும் புகுந்து தின்றுவிடும்.

அடுத்த ஆண்டுக் கணக்கு

மிளகாயைப் பிப்ரவரியில் வீட்டு ஜன்னலில் விதைக்க வேண்டும். அப்போதுதான் கோடை முடிவதற்குள் காய்க்கும். வெந்தயக்கீரை ஏப்ரலிலிருந்து எப்போது தூவினாலும் வரும். கொத்தமல்லி கோடையின் நீண்ட பகலில் சட்டென்று பூத்துவிடும். ஆகஸ்டில் விதைப்பதுதான் தழைக்கு நல்லது. தண்டுக்கீரைக்கு மே கடைசி வரை பொறுக்க வேண்டும். பரங்கி, சுரை எல்லாம் ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள் முளைக்கவைத்து, உறைபனி பயம் தீர்ந்து ஜூன் தொடக்கத்தில் வெளியே போக வேண்டும். புடலைக்கும் கத்தரிக்கும் பாலித்தீன் குடில் இல்லாமல் நம்பிக்கை வைக்க முடியாது. முருங்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன், முதல் உறைபனியிலேயே போய்விடும்.

அவரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் பந்தல் அவரை இரவு நீண்டால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றி மார்கழி, தையில் பறிக்கிறோமே, அதனால்தான். லண்டனில் அது கோடை முழுக்க வனமாகப் படர்ந்து, பகல் குறைந்து பூ எடுக்கிற நேரத்தில் பனியில் கருகிவிடும். அந்த இடத்துக்கு ரன்னர் பீன்ஸ் போடலாம். மே மாதம் ஊன்றினால் ஜூலை முதல் அக்டோபர் வரை காய்க்கும். பந்தலுக்குப் பதில் மூங்கில் குச்சிகளைக் கூம்பாகக் கட்டினால் போதும்.

கடைசியாக, விதை. ஐயா, கொடுத்து அனுப்ப வேண்டாம். இந்தியாவிலிருந்து விதைப்பதற்கான விதையைப் பையில் கொண்டுபோனாலும் தபாலில் அனுப்பினாலும், பயிர்ச் சுகாதாரச் சான்று இல்லாமல் பிரிட்டனுக்குள் விடமாட்டார்கள், பிடித்தால் அழித்துவிடுவார்கள். கைப்பிடி விதைக்குச் சான்று வாங்கும் செலவு கட்டுப்படியாகாது. கிழக்கு லண்டன் அலாட்மெண்டுகளில் வங்கதேசத்துக் குடும்பங்கள் சுரையும் பரங்கியும் பல ஆண்டுகளாக அங்கேயே விதை எடுத்துப் போடுகிறார்கள். கரீபியன் பெரியவர்கள் 'கலலூ' என்று வளர்ப்பது நம் தண்டுக்கீரைக் குடும்பம்தான். அந்தக் குளிருக்கும் அந்த வெளிச்சத்துக்கும் பழகிய விதை அது. மகள் கேட்டால் சந்தோஷமாகவே கொடுப்பார்கள். பல தோட்டங்களில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் விதை மாற்றிக்கொள்ளும் நாளும் வைப்பார்கள். இப்போது பூண்டு நடுகிறவர், அன்றைக்குப் பெயர் எழுதிய சில காலி உறைகளோடு போனால் போதும்.